உடம்போடு ஓர் உடன்பாடு

உடல் எடையைப் பற்றி நம்மவர்கள் பேசாத நாளில்லை. தீபாவளித் திறந்த இல்ல விருந்தாகட்டும், திருமண வரவேற்பாகட்டும், நெடுநாள் கழித்துச் சந்திக்கும் உறவினர் நம் நலத்தை விசாரிப்பதற்கு முன்பே நம் உருவத்தை விசாரித்துவிடுகிறார். "நல்லா உடம்பு போட்டுட்டியே!" என்கிறார். ஒருவர் அதை வாழ்த்தாகச் சொல்கிறார். மற்றவர் கிண்டலாகச் சொல்கிறார். இன்னொருவர் எச்சரிக்கையாகச் சொல்கிறார். அச்சொல் கேட்பவர் மனத்தில் எங்கே போய்த் தைக்கிறது என்பதைச் சொன்னவர் பெரும்பாலும் அறிவதில்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது என் எடை 86 கிலோ. உயரம் 160 சென்டிமீட்டர். 14 மாதங்களில் 73 கிலோவுக்கு வந்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஏறக்குறைய அதே எடையில் இருக்கிறேன். இந்த அனுபவத்திலிருந்து நான் கற்ற பாடம் ஒன்றே. எடையைக் குறைப்பது ஒரு வேலை. உடம்பின்மீது நம்பிக்கையை மீட்பது வேறொரு வேலை. முதலாவது முடிந்ததும் இரண்டாவது தானாக வந்து சேரும் என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இரண்டாவதைத் தள்ளிப்போடாமல் இன்றே தொடங்குபவருக்குத்தான் முதலாவதும் எளிதாகிறது. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். 2023ஆம் ஆண்டு ஆய்வில் இது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. அதே 2019ஆம் ஆண்டு ஆய்வு நீரிழிவைப் பற்றியும் கூறியது. நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஆகவே, எடையைப் பற்றிய கவலை வெறும் அழகு சார்ந்ததன்று. அந்த ஆண்டில் நம் சமுதாயத்தில் மூன்று பெரியவர்களில் ஏறத்தாழ ஒருவரின் இரத்தத்தில் சீனி மிகுந்திருந்தது என்பதே அதன் பொருள்.

எடையை மதிப்பிட நாம் பயன்படுத்தும் கணக்கு உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830களில் வகுத்த கணக்கு இது. மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதற்காக அவர் அதைச் செய்தாரே ஒழிய, தனி ஒருவரின் நலத்தை அளப்பதற்காகச் செய்யவில்லை. 1972இல் அமெரிக்க ஆய்வாளர் ஏன்சல் கீஸ் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினார்.

இக்கணக்கு நம்மைப் பொறுத்தவரையில் சற்று ஏமாற்றக்கூடியது. 2004ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வெளியிட்டனர். ஒருவர் புனே நகரின் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தின் யட்கின். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. ஆனால், யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. இந்திய வம்சாவளியினர் பலர் பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் தேவை என்றும் 27.5க்கு மேல் ஆபத்து மிகுதி என்றும் அதே 2004இல் பரிந்துரைத்ததற்கு இத்தகைய வேறுபாடே காரணம்.

எனவே தராசோடு ஓர் அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. "நான் ஒல்லிதானே" என்று மகிழும் நண்பர்களுக்கும் இவ்வளவு பொருந்தும்.

தோட்டத்துத் தட்டும் விடுதி நாற்காலியும்

நம்மில் பலரின் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், மேடு பள்ளத்தில் மரம் மரமாக நடந்து, பால் வாளிகளைத் தோளில் சுமந்தவர்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறும், டின் பால் கலந்த தேநீரும் தேவைப்பட்டன. பசியை அறிந்த அத்தலைமுறைக்குக் 'கொழுகொழு' என்ற பிள்ளைதான் நலமான பிள்ளை. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது அவர்களிடம் புகழ்ச்சி. இன்றும் மலேசியத் தமிழர் வீட்டில் விருந்தினரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி "பசியாறிட்டீங்களா?" என்பதுதானே!

தோட்டம் போய்விட்டது. நடை போய்விட்டது. தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நாமோ விரிவுரை மண்டபம், நூலகம், மடிக்கணினி என்று நாளெல்லாம் நாற்காலியில் இருக்கிறோம். காலையில் பசியாறாமல் ஓடி, மதியம் உணவகத்தில் சோற்றைக் குவித்து, நள்ளிரவில் மாமாக் கடைக்குப் போகிறோம். தேர்வு வாரத்தில் மேகி மீயே துணை. இந்த வாழ்க்கை முறையில் எடை கூடுவது ஒருவரின் ஒழுக்கக்கேடன்று, சோம்பேறித்தனமும் அன்று. மாறிப்போன உழைப்புக்கு மாறாத தட்டு தந்த விளைவு. இதைப் புரிந்துகொண்ட பிறகே என் மனத்திலிருந்த குற்ற உணர்வு குறைந்தது.

நான் பின்பற்றிய மூன்று வழிகள்

முதலாவது, தட்டு. சுகாதார அமைச்சு பரப்பிவரும் 'சுகு சுகு செபாரோ' என்னும் முறையை நீங்களும் அறிவீர்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதிப் பங்கு காய்கறியும் பழமும். விடுதி உணவகத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும்போது, நான் சோற்றை முதலில் எடுக்காமல் காய்கறியை முதலில் எடுத்தேன். இடம் நிறைந்துவிடுவதால் சோறு தானாகக் குறைந்தது. நாசி லெமாக்கையோ ரொட்டி சானாயையோ விலக்கவில்லை. ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி இருக்கிறது என்பதை அறிந்து, வாரம் ஒரு நாள் உண்டேன்.

இரண்டாவது, குவளை. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறக்குறைய 60 கலோரியும் 11 கிராம் சீனியும் உள்ளன. ஒரு தே தாரிக்கில் இரண்டு கரண்டி என்று வைத்தாலும் சீனி 22 கிராம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறிய அறிவுரை. ஒரே குவளையில் ஒரு நாள் கணக்கு முடிந்துவிடுகிறது! மாமாக் கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. நட்பை இழந்து இளைக்க வேண்டிய அவசியமில்லை. இரவு உணவை எட்டு மணிக்கு முன் முடித்துக்கொண்டு, கடையில் 'தே ஓ கோசோங்' மட்டும் வாங்கினேன். முதல் வாரம் தோழிகள் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவர்களில் இருவர் அதையே கேட்டார்கள்.

மூன்றாவது, கால்கள். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நான் விடுதியிலிருந்து விரிவுரைக்குப் பேருந்தில் போவதை விட்டு, நாளுக்கு 20 நிமிடம் நடந்தேன். இரண்டாம் மாதத்திலிருந்து அறைத்தோழியுடன் வாரம் இருமுறை பூப்பந்து. தசைப் பயிற்சிக்கு அறையிலேயே நாற்காலியைப் பிடித்தபடி உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் போதுமாக இருந்தன. கட்டணம் கட்டி உடற்பயிற்சி நிலையம் போக வேண்டியிருக்கவில்லை.

குறுக்கு வழிகள் வேண்டாம்

இணையத்தில் 'ஒரே வாரத்தில் ஐந்து கிலோ' என்று மெலிவுக் காப்பி, மெலிவு மாத்திரை விற்கிறார்கள். இவற்றுள் சிலவற்றில் சிபுட்ராமின் என்னும் மருந்து மறைவாகக் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010ஆம் ஆண்டு பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. உண்மையிலேயே மருந்து தேவைப்படுவோர் இருக்கிறார்கள். இன்று பயனுள்ள ஊசி மருந்துகளும் வந்துள்ளன. ஆனால், அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. மாதவிலக்கு ஒழுங்கற்று வருபவர்களும் காரணமின்றி எடை ஏறுபவர்களும் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

பட்டினியும் வழியன்று. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் முன்னே குறிப்பிட்ட ஏன்சல் கீஸ் ஓர் ஆய்வு நடத்தினார். நல்ல உடல்நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறத்தாழப் பாதி உணவே தரப்பட்டது. அவர்கள் உடல் எடையில் கால் பங்கை இழந்தார்கள். அதோடு மனமும் மாறிப்போனது. சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. இரவும் பகலும் உணவைப் பற்றியே பேசினார்கள். சமையல் நூல்களைப் படித்தார்கள். உணவு மீண்டும் கிடைத்தபோது வயிறு நிறைந்தும் பசி அடங்காமல் உண்டார்கள். பட்டினி கிடந்தவர் பின்னர் அள்ளி உண்பது மனவுறுதி இல்லாததால் அன்று. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. உணவைத் தொடர்ந்து தவிர்ப்பதும், உண்டதை வலிந்து வாந்தியெடுப்பதும் நோயின் அறிகுறிகள். அப்படிப்பட்ட தோழியோ தோழரோ இருந்தால் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்புக்காக 3,234 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு, எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பதும் வாரத்திற்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காகத் தரப்பட்டன. அப்பிரிவினரிடம் நீரிழிவு 58 விழுக்காடு குறைவாகவே தோன்றியது. 86 கிலோவுக்கு 7 விழுக்காடு என்பது 6 கிலோ! இதைப் படித்த அன்று நான் '55 கிலோ' என்ற கனவை எடுத்துவிட்டு '80 கிலோ' என்று சுவரில் ஒட்டினேன். அது ஐந்தாம் மாதத்தில் கைக்கு எட்டியது.

அதன்பின் தராசு பல வாரங்கள் அசையவே இல்லை. இதுவும் இயல்பு. எடை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் ஆற்றலையும் குறைத்துக்கொள்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் உடம்பு எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. பெரும்பாலோர் இழந்த எடையில் மிகுதியைத் திரும்பப் பெற்றிருந்தனர். ஆகவே, எவ்வளவு குறைக்கலாம் என்பதைவிட, எதை நெடுங்காலம் தாங்கலாம் என்பதே சரியான கேள்வி. நான் 73இல் நின்றேன். என் பி.எம்.ஐ. 33.6இலிருந்து 28.5 ஆகியிருக்கிறது. இடுப்பு 98 சென்டிமீட்டரிலிருந்து 86. அட்டவணைப்படி நான் இன்னும் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறேன். ஆனால், நூலகத்தின் நான்காம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏறுகிறேன்.

நம்பிக்கை ஒரு தனிப்பாடம்

எடை இறங்கிய பின்னரும் கண்ணாடியில் பழைய உருவமே தெரிந்தது. கடையில் பழைய அளவுச் சட்டையையே கை எடுத்தது. குழுப் படத்தில் கால்கள் தாமாகப் பின்வரிசைக்குப் போயின. மனத்திலுள்ள உருவம் தராசைப் போல் வேகமாக மாறுவதில்லை. அதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படுகிறது.

இங்கேதான் வெட்கத்தின் விளைவைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 2,944 பேரை நான்கு ஆண்டுகள் கவனித்து, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2014இல் ஒரு முடிவை வெளியிட்டனர். எடைக்காக இழிவாக நடத்தப்பட்டதாகக் கூறியவர்களின் எடை சராசரியாகக் கூடியது; அப்படி நடத்தப்படாதவர்களின் எடை சற்றுக் குறைந்தது. 'கேலி செய்தால்தான் திருந்துவார்கள்' என்று நினைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். வெட்கப்படுபவர் திடலுக்கு வரமாட்டார், நீச்சல் குளத்துக்கு வரமாட்டார், மருத்துவரிடமும் போகமாட்டார். வெட்கம் மனிதரை அறைக்குள் அடைக்கிறது. அறைக்குள் இருப்பது நாற்காலியும் நொறுக்குத் தீனியும்தான்.

நான் செய்தது இதுதான். 'எடை குறைந்த பிறகு' என்று ஒத்திப்போட்டவற்றை ஒரு தாளில் எழுதினேன். பூப்பந்து ஆடுவது, முன்வரிசையில் உட்காருவது, படத்தில் நடுவில் நிற்பது, அளவெடுத்து நல்ல ரவிக்கை தைப்பது, கலை இரவில் மேடை ஏறுவது. ஐந்தே வரிகள். அவற்றை அன்றைய எடையிலேயே ஒவ்வொன்றாகச் செய்தேன். பூப்பந்து ஆடத் தொடங்கியபோது 84 கிலோ. கலை இரவில் கோலாட்டக் குழுவில் சேர்ந்தபோது 80 கிலோ. 'இளைத்த பின் போடலாம்' என்று சின்ன ரவிக்கையைப் பெட்டியில் வைக்காமல், இருக்கும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டேன். பொருந்தும் உடையில் நிமிர்ந்து நிற்க முடிகிறது. இறுக்கும் உடையில் முடிவதில்லை. மேடையில் இருந்த பத்து நிமிடமும் என் கவனமெல்லாம் கோல் தாளம் தப்பக்கூடாது என்பதில் இருந்தது. உடம்பு எப்படித் தெரிகிறது என்ற நினைப்பே வரவில்லை. உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினால் எப்படித் தெரிகிறது என்ற கவலை பின்னுக்குப் போகிறது. இதற்குச் சொற்பொழிவு உதவாது, செயல் உதவும்.

தமிழ் மரபு உடம்பை வெறுக்கச் சொல்கிறது என்று சிலர் எண்ணுகிறோம். திருமந்திரத்தில் திருமூலர், தொடக்கத்தில் உடம்பைத் தாழ்வாகக் கருதியதாகவும், அதனுள் இறைவன் குடியிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் பாடியிருக்கிறார். மதிப்பு முதலில் வந்தது. பேணுதல் அதன்பின் வந்தது. இந்த வரிசை எனக்கு மிகவும் உதவியது.

உறவுக்கும் நட்புக்கும் ஒரு வார்த்தை

எடை குறைந்தாலும் நம்மவர் விடமாட்டார்கள். 73 கிலோவோடு வீடு திரும்பியபோது அத்தை பதறினார். "என்னம்மா, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு! விடுதியில சாப்பாடு போடுறாங்களா இல்லையா?" "நல்லாத்தான் சாப்பிடுறேன் அத்தை. உங்க கை ரசம்தான் அங்கே கிடைக்கல" என்றேன். அத்தை சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். பெரியவர்களின் பேச்சில் பசித்த காலத்தின் அன்பு இருக்கிறது. அந்த அன்பை ஏற்றுக்கொண்டு, பேச்சை உடம்பிலிருந்து வேறு பக்கம் திருப்பினால் போதும். சண்டை வேண்டாம்.

ஆனால், நம் வயது நண்பர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 'குண்டு', 'ட்ரம்', 'ஒட்டடைக்குச்சி' என்று பட்டப்பெயர் வைப்பது நகைச்சுவையன்று. நம் கழக நாடகங்களிலும் பருத்தவரைச் சிரிப்புக்கென்றே மேடையேற்றும் வழக்கத்தை விட்டுவிடலாம். பாராட்டிலும் கவனம் தேவை. "இப்பதான் அழகா இருக்கே" என்றால், முன்பு இல்லை என்று பொருள்படும். மாறாக, "நல்லா ஆடினே", "உன்கூட நடக்கலாமா?" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு என் அறைத்தோழி சொன்னதெல்லாம் "ஆறரைக்குத் திடல்ல இருப்பேன், வந்துடு" என்பதுதான். ஒருநாளும் அவள் என் எடையைக் கேட்டதில்லை.

அன்பு மாணவர்களே, எடையைக் குறைக்க விரும்பினால் இன்றே தட்டில் காய்கறியை முதலில் எடுங்கள். அதே நாளில், 'இளைத்த பிறகு' என்று ஒத்திப்போட்ட ஒன்றையும் செய்யத் தொடங்குங்கள். தராசு மெல்ல வரட்டும். நாம் வாழ்வதற்கு அதன் அனுமதி தேவையில்லை.